கூந்தலும் மூக்குத்தியும்

நாற்பதைத் தாண்டியவர்கள் தம் கண்ணை நம்பலாகாது என்பதை நாம் இருட்டறையில் கற்றுக்கொண்டோம். 1999-ஆம் ஆண்டு, கல்லூரி விடுமுறையில், அன்னையாரைக் கிணற்றடியில் நிறுத்தி ஒரு படம் எடுத்திருந்தோம். அவர் காலமான பிறகு அந்த நெகடிவைப் பெரிதாக்கினோம். பார்த்த தமக்கை, "அம்மாவின் முகம் எங்கேடா?" என்றாள். பழியை லென்ஸின்மேல் போட்டோம். (மாணாக்கர் பேனாவின்மேல் போடுவதில்லையா?)

பிம்பத்தின் தெளிவைச் சோதிக்கப் பூதக்கண்ணாடியுடன் குனிந்தால் நமது தலையே ஒளியை மறைத்தது. ஆகவே சாய்ந்த முகக்கண்ணாடி பொருத்திய கருவிகளை ஆராய்ந்தோம். இவற்றில் ஒளி திரும்பிக் கண்ணுக்கு வருகிறது. தெரிவது முகமன்று, பிலிமிலுள்ள வெள்ளித் துகள்கள். ஜப்பானியரின் பீக் கருவிகளில் நீண்ட கண்ணாடி உள்ள வகை, படத்தின் மூலையையும் காட்டும். அதன் விலையோ உபாத்தியாயர் பைக்குப் பொருந்தாது! மூலையைத் துறந்தோம். ஆனால் கண்வில்லைக்குள் மெல்லிய கோடு உள்ளதாகவே பார்த்து வாங்கினோம். அக்கோடு தெளியும்படி முதலில் நம் கண்ணுக்கேற்பத் திருகிக்கொள்ள வேண்டும்; இல்லையேல் கண்ணின் குற்றம் படத்தில் ஏறிவிடும்.

கருவியின் அடியில் அச்சிடும் காகிதத்தின் துண்டொன்றை வைத்து, லென்ஸின் துவாரத்தை முழுதும் திறந்து, நெகடிவ் சூடேறி நிலைகொள்ளும்வரை பொறுத்திருந்தோம். பிறகு திருகினோம். எள்ளைத் தூவினாற்போல் துகள்கள் தெளிந்தன. துவாரத்தைச் சுருக்கி அச்சிட்டோம். சிவப்பு விளக்கின் கீழ், தட்டிலே, முதலில் கூந்தல் கறுத்தது. பின்னர் முகம் மெல்ல எழுந்தது. மூக்குத்தி மட்டும் வெள்ளைப் புள்ளியாக நின்றது.

தமக்கையைக் கூப்பிட்டோம்.