அப்பா ஏறாத கோச்சி

ஹட்டன் ஸ்டேஷனுக்குள் அப்பா வரவே மாட்டார். நான் கொழும்புக்குப் படிக்கப்போன காலத்தில் வழியனுப்ப வருவதெல்லாம் வெளிவாசல் வரைக்கும்தான். பையைக் கையில் கொடுத்து, "பாத்துப் போ புள்ள" என்பார். கோச்சி வருவதற்குள் டவுன் பக்கம் இறங்கி நடந்துவிடுவார்.

அதன் காரணம் அவருடைய கருமாதி முடிந்த ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது. தமிழ்நாட்டுக் கோத்தகிரியிலிருந்து பெரியப்பா மகளான அக்கா பேசினாள். அங்கேயும் தலைமுழுகிப் படையல் வைத்திருந்தார்களாம். அழுது ஓய்ந்தபிறகு கேட்டாள்: "சித்தப்பா அந்தக் கம்பளியப் பத்தி ஒங்கிட்ட சொல்லியிருக்காரா?"

சொன்னதில்லை.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களான எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964இல் வந்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக நடத்துகிறவள் நான். எங்கள் காம்பராவிலேயே பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அப்பா, அப்பாயியோடு இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார்.

எழுபதுகளில் ஒருநாள் அதே ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து பெரியப்பா குடும்பம் புறப்பட்டது. தலைமன்னார் வரை கோச்சி, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். ஏறுகிறவர்களும் நிற்கிறவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறுவதால் அதை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அக்கா அப்போது சின்னப் பிள்ளை. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு, அப்பா தன் தோளில் கிடந்த கறுப்புக் கம்பளியை எடுத்து ஜன்னல் வழியே போர்த்திவிட்டாராம். மலையில் மழைக்கும் பனிக்கும் அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு போனார். அண்ணன் தம்பி இருவரும் அதன்பிறகு ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை. பெரியப்பா, தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து அங்கேயே இறந்தார். அவரை மூடியது அந்தக் கம்பளியால்தானாம்.

அன்றிலிருந்து அப்பாவைத் தெரிந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்க ஆரம்பித்தேன். பிள்ளைகளிடம் காட்டிய அப்பா மட்டும்தான் என்னிடம் இருக்கிறார். தம்பியாக, கூட்டாளியாக, வேலையாளாக இருந்த மனிதர் மற்றவர்களிடம் இருக்கிறார், அவர்களுக்கும் வயதாகிவிட்டது. படத்துக்கு மாலை போடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிழவர்கள் உயிரோடிருக்கும்போதே போய் உட்கார்ந்து கேட்பதுதான் எனக்குப் பெரிய திவசமாகப் படுகிறது.

அப்பாவோடு தேயிலைக் கவ்வாத்து வெட்டிய தாத்தா ஒருவர் என்னை மலைக்கே கூட்டிப்போனார். கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் வெட்டிக் காட்டினார். வெட்டு சரிவாக இருந்தால்தான் தண்ணீர் தேங்காது. தேங்கினால் கம்பு அழுகிவிடும். ஒன்றிரண்டு கிளையை வெட்டாமல் விடுகிறார்கள். புதுத்துளிர் வரும்வரை செடி அதை வைத்துத்தான் உயிர் பிழைக்கும். "பட்ட கிழிஞ்சிருச்சுன்னா ஒங்கப்பனுக்கு அன்னைக்குச் சோறு எறங்காது" என்றார். வீட்டில் காய் நறுக்கும்போதுகூட அப்பா அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

கோத்தகிரிக்கு அப்பா எழுதிய கடிதங்கள் அக்காவிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் ஒன்றை வாசித்துக் காட்டுகிறாள். அரிசி விலை, அப்பாயியின் இருமல், அங்கே கவ்வாத்து எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா என்ற விசாரிப்பு. போன வாரம் வாசித்தது நான் பிறந்த வருஷத்துக் கடிதம்: "புள்ள பொறந்திருக்கு அண்ணே. இதுக்காவது பிரஜாவுரிமை குடுப்பாங்களான்னு கேட்டிருக்கேன். பதில் வரல."

இந்தியாவுக்கு எழுதிக் கொடுக்காமல் நாடற்றிருந்தவர்களுக்கு உரிமை தந்த சட்டம் 1988இல் வந்தது. அந்த வருஷத்துக் கடிதமும் அக்காவிடமுள்ள கட்டுக்குள் இருக்கிறதாம். நடுவில் இன்னும் நிறையக் கடிதங்கள் இருப்பதால் வரிசையாகவே வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.