கல்லாவில் இருப்பதெல்லாம் நம்முடையதா?

சகோதரிகளே, கல்லாப் பெட்டி நிறைந்தால் மனமும் நிறைந்துவிடுகிறது. வியாபாரக் குடும்பங்களில் பல சங்கடங்களுக்கு ஆரம்பம் அங்கேதான்.

எங்கள் சிவகாசி, விருதுநகர்ப் பக்கத்திலும் இப்போது பெரிய கம்பெனியின் பெயரை வாங்கி ஓட்டல் நடத்துகிறார்கள். 'பிரான்சைஸ்' என்று பெயர். பலகை அவர்களுடையது, அடுப்பும் கடனும் நம்முடையவை. வாராவாரமோ மாதாமாதமோ விற்பனைக் கணக்கை அனுப்பி, அதில் இத்தனை சதவிகிதம் 'ராயல்டி' கட்ட வேண்டும். லாபத்தில் பங்கு அல்ல, விற்பனையில் பங்கு! கடைக்கு நஷ்டமானாலும் இது உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விற்பனை ஒரு லட்சம். ராயல்டி 6 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். அது 6,000 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம், 1,080. சாப்பிட வந்தவர்களிடம் வாங்கிய 5 சதவிகித வரி 5,000. ஆகக் கல்லாவில் இருக்கும் 1,05,000-இல் 12,080 ரூபாய் நம்முடையதே அல்ல. நம் வீட்டில் இறங்கியிருக்கும் விருந்தாளி. விருந்தாளியின் பெட்டியைத் திறந்து செலவு செய்வோமா?

என் இளைய நாத்தனார் வீட்டில் அதுதான் நடந்தது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அவர்கள் கடையில் நிற்க இடமில்லை. வந்த பணம் ஆட்களின் போனஸுக்கும் புதுக் குளிர்ப்பெட்டிக்கும் போயிற்று. பண்டிகை முடிந்ததும் பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை. ஊர் ஓய்ந்தது, கடையும் ஓய்ந்தது. கட்டப் பணமில்லையே என்ற வெட்கத்தில் கணக்கையும் அனுப்பாமல் இருந்துவிட்டார்கள். மூன்று வாரம் பொறுத்த கம்பெனி, தீபாவளி வார விற்பனையையே அளவாக வைத்து ஒரு தொகை போட்டு, வட்டியும் சேர்த்து, ஒப்பந்தத்தை முறிப்போம் என்று நோட்டீஸ் அனுப்பிவிட்டது. கடைக்காக அடகு வைத்த நகையோ பாங்கியில்! கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள் அவள்.

அன்றிரவே உட்கார்ந்து உள்ளபடி கணக்கு எழுதி அனுப்பினோம், தவணையும் கேட்டோம். தொகை குறைந்தது; மூன்று தவணைக்கும் சம்மதித்தார்கள். கணக்குக் கொடுப்பது ஒரு கடமை, பணம் கட்டுவது வேறொரு கடமை. பணம் தாமதித்தால் 'பாவம், கஷ்டம்' என்பார்கள். கணக்கே வராவிட்டால் 'மறைக்கிறார்கள்' என்பார்கள்.

சர்க்காரின் வழியும் இதுதான். ஜி.எஸ்.டி.யில் மாதக் கணக்குக் காட்டுகிறவர்கள் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் காட்டியாக வேண்டும். தாமதித்தால் ஒரு வரம்புவரை நாளுக்கு 50 ரூபாய். கட்டாத வரிக்கு வருஷம் 18 சதவிகித வட்டி. விற்பனையே இல்லாத மாதத்துக்கும் கணக்கு உண்டு. மறந்தால் நாளுக்கு 20 ரூபாய்!

இதெல்லாம் நமக்குப் புதிதா, என்ன? விருதுநகர் வியாபாரிகள் வியாபாரத்தில் ஒரு பங்கை 'மகமை' என்று ஒதுக்கி உறவின்முறைக்குக் கொடுத்தவர்கள். வீட்டுப் பெண்கள் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடியரிசியில் வளர்ந்த சத்திரிய வித்யாசாலையில்தான் 1903-இல் பிறந்த காமராஜர் படித்தார். சமைத்து மிஞ்சியதைக் கொடுக்கலாம் என்று இருந்திருந்தால் பள்ளிக்கூடம் நடந்திருக்குமா?

கடை அடைக்கும் இரவெல்லாம் அந்தப் பங்கை வேறு பாங்கிக் கணக்கில் போட்டுவிடச் சொல்லுங்கள். அவர் அலுத்துக்கொண்டால் நீங்களே போட்டுவிடுங்கள். மிஞ்சுவது கொஞ்சமானாலும் அது நம்முடையது. படுத்தால் தூக்கம் வரும்.