நத்தம் பாலத்தில் பறக்கும்... குலசாமி கோயிலுக்குப் போகுமா? மதுரைச் சாலைகளும் உயரம் குறைத்த கார்களும்!

மதுரை தல்லாகுளத்தில் ஏறினால் செட்டிகுளம் பக்கம் இறங்கும் வரை சுமார் 7.3 கிலோமீட்டர். சிக்னல் கிடையாது, வேகத்தடை கிடையாது, குறுக்கே மாடு வராது. 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட நத்தம் சாலை பறக்கும் பாலத்தில் கார் ஓட்டுவது தனி சுகம்!

அந்தப் பாலத்தில் பெரிய அலாய் வீலும் தரையை ஒட்டிய பம்ப்பருமாக ஒரு கார் கடந்துபோனால், பின்சீட்டுப் பொடிசு முதல் ஸ்டீயரிங் பிடித்திருக்கும் அப்பா வரை எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். ஏதோ வெளிநாட்டு கார் என்று நினைத்தால், நம் வீட்டு வாசலில் நிற்கும் அதே ஸ்விஃப்ட்தான்!

‘நம்ம காரையும் இப்படி மாத்தலாமா?’ என்று வீட்டில் பேச்சு கிளம்புவது இங்கிருந்துதான். பட்டறைக்குப் போவதற்கு முன்னால், மதுரையைச் சுற்றி ஒரு ரவுண்டு போய்வந்துவிடலாம் மக்களே. காரின் உயரத்தை முடிவு செய்வதில் நம் ஊர் ரோட்டுக்கும் ஒரு ஓட்டு உண்டு.

இறக்கினால் என்ன லாபம்?

லாபமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கார் தரையை நெருங்க நெருங்க, அதன் எடை மையமும் கீழே வரும். வளைவில் திரும்பும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்வது குறையும். அகலமான டயர் காய்ந்த ரோட்டை நன்றாகப் பிடிக்கும். ரேஸ் கார்கள் தரையோடு ஒட்டிக் கிடப்பது இதனால்தான்.

ஆனால், ஸ்பிரிங் குட்டையானால் அது அமுங்கி எழுவதற்கான இடமும் குறையும். அந்தக் குறைந்த இடத்துக்குள் குலுங்கலைத் தாங்க, ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தாக வேண்டும். அதனால், பாலத்தில் சுகமாகத் தெரியும் கார், குழியில் இறங்கும்போது நம் முதுகெலும்பிடம் பேசும்!

பாலத்தை விட்டு இறங்கியதும்...

ஊருக்குள் முதலில் எதிர்ப்படுவது வேகத்தடை. இதற்கும் ஓர் அளவு இருக்கிறது. சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்வது, 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். இப்படி முறையாகப் போட்ட மேட்டில் 25 கிலோமீட்டர் வேகத்தில் சுலபமாக ஏறி இறங்கலாம்.

சின்னதாக ஒரு கணக்கு. ஸ்விஃப்ட்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர். விதிப்படி போட்ட மேட்டின் நடுவில் கார் நிற்கும்போது, நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருக்கும். காரின் வயிற்றுக்குத் தேவைப்படும் இடைவெளி வெறும் நாலரை சென்டிமீட்டர்தான். உயரம் குறைத்த காரும் தாண்டிவிடும்.

ஆனால், தெருக்காரர்களே சிமென்ட் கொட்டிப் போட்ட வேகத்தடை எந்தப் புத்தகத்தைப் படித்தது? அகலம் ஒரு முழம், உயரம் ஒரு சாண் என்று நிற்கும். அதன் மேல் ஏறும்போது, முன் சக்கரம் அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம். மேட்டின் முழு உயரமும் காரின் வயிற்றுக்கு நேராக வரும்.

ஸ்விஃப்ட்டுக்குக் கம்பெனி சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். அதில் 40 மில்லிமீட்டர் குறைத்தால் மிச்சம் 123. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் மூட்டை வைத்தால் கார் இன்னும் இறங்கும். அடிவாங்குவது பம்ப்பர் என்றால் பெயின்ட்டோடு போகும். ஆயில் சேம்பர் என்றால்? ஆயில் ஒழுகியது தெரியாமல் ஓட்டினால் இன்ஜினே போய்விடும்.

வெளிநாட்டு மாடல்களை இந்தியாவுக்குக் கொண்டுவரும்போது பல கம்பெனிகள் உயரத்தைக் கூட்டித்தான் விற்கின்றன. அவர்கள் யோசித்து ஏற்றியதை, நாம் காசு கொடுத்து இறக்குகிறோம்.

மேலூர் ரோட்டில் ஒரு டயர் பாடம்

அடுத்து, மேலூர் ரோடு. வழியில் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ் ஸ்ரீசக்ரா டயர் தொழிற்சாலை இருக்கிறது. டூ வீலர், ஆட்டோ டயர்களுக்குப் பெயர் பெற்ற ஆலை. டயர் செய்யும் ஊர்க்காரர்களான நாம், நம் கார் டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்களையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஸ்விஃப்ட்டின் டாப் வேரியன்ட்டில் 185/65 ஆர்15 என்று இருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவிகிதம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் மொத்த விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர்.

16 அங்குல ரிம் போட ஆசையா? 195/55 ஆர்16 டயரின் விட்டமும் சுமார் 621. ரிம் பெரிதானாலும், டயரின் சுவர் 120-லிருந்து 107 மில்லிமீட்டராகக் குறைந்து ஈடுகட்டிவிடுகிறது. 17 அங்குலத்துக்கு 205/45 போட்டால் விட்டம் 616. சுவர் வெறும் 92 மில்லிமீட்டர்.

இப்படிப் பார்க்காமல் 205/65 ஆர்16 மாட்டினால் விட்டம் 673 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது, கார் 65-ல் ஓடும்! ஃபுல் லோடில் வீல் ஆர்ச்சின் உள்பக்கம் டயர் உரசவும் வாய்ப்பு உண்டு.

குழியில் விழும்போது முதலில் அடிவாங்கி ரிம்மைக் காப்பாற்றுவது இந்தச் சுவருக்குள் இருக்கும் காற்றுதான். சுவர் மெலிந்தால், மழைத் தண்ணீர் மூடிய ஒரே ஒரு குழி போதும், ரிம் கோணிவிடும்.

அளவுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணும் இருக்கும். 88 என்றால் அந்த டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. பெரிய ரிம்முக்குப் பொருந்தும் டயர், பழைய டயரைவிடக் குறைந்த எடை தாங்குவதாக இருந்துவிடக் கூடாது. இதைக் கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

கப்பலூரைத் தாண்டினால் கரிசல்

கடைசி ரோடு, தெற்கே. கப்பலூர் டோல்கேட், திருமங்கலம் வரை நான்குவழிச் சாலையில் எந்தக் காரும் போகும். அங்கிருந்து கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் உள்ளே திரும்பினால் கரிசல் மண் ஆரம்பிக்கும். மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும் மண் இது. மேலே தார் போட்டாலும், அடியில் மண் அசைந்துகொண்டே இருப்பதால் ரோடு அலை அலையாகிவிடும். அதற்கும் அப்பால் கண்மாய்க் கரை, அங்கே டிராக்டர் டயர் பதிந்த இரட்டைத் தடம். தடம் பள்ளமாகவும் நடு மேடாகவும் இருக்கும்.

மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் குலசாமி இப்படி ஒரு தடத்தின் முடிவில்தான் இருக்கிறது. மாசி மகா சிவராத்திரிக்குப் பொங்கல் பானை, அரிசி, விறகு, பாட்டி, பேரப்பிள்ளைகள் என மொத்தக் குடும்பமும் ஒரே காரில் ஏறும். வருஷத்திலேயே கார் அதிக எடை சுமக்கும் நாளும், மோசமான ரோட்டைப் பார்க்கும் நாளும் அதுதான். அன்றைக்கு வண்டி தட்டக் கூடாது என்று முழங்கால் வலியோடு பாட்டியை இறக்கி நடக்கவிட்டால், அது யாருக்கான கார்?

சட்டம் என்ன சொல்கிறது?

2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கும். பணம் கிடைப்பதே சிக்கலாகலாம்.

அமெரிக்காவிலும் இந்தப் பஞ்சாயத்து உண்டு. கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள், கார்களைத் தரையோடு இறக்கி மெதுவாக ஊர்வலம் போவார்கள். ‘லோ ரைடர்’ என்று பெயர். காரின் எந்தப் பாகமும் ரிம்மின் அடிப்பகுதியைவிடக் கீழே இருக்கக் கூடாது என்று 1958-ல் சட்டம் வர, சுவிட்சைத் தட்டினால் காரை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் அமைப்பைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தடை விலகியது 2024 ஜனவரியில்தான். அங்கே அது ஒரு சமூகத்தின் அடையாளம். ஓட்டுவதும் வழவழ ரோட்டில்.

அப்படியென்றால் ஆசையை விட்டுவிட வேண்டுமா?

தேவையில்லை. ஸ்விஃப்ட்டின் பேஸ் மாடலில் 14 அங்குல டயர், டாப் வேரியன்ட்டில் 15. உங்கள் மாடலின் டாப் வேரியன்ட்டில் கம்பெனி எந்த அளவைக் கொடுக்கிறதோ, அதுவரை போவதே பாதுகாப்பான வழி. போடுவதற்கு முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். டயர் மாற்றியதும் வீல் அலைன்மென்ட், பேலன்சிங் பார்ப்பது கட்டாயம்.

ஸ்பிரிங்கை வெட்டி உயரம் குறைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். செலவு குறைவு என்று ஆசை காட்டுவார்கள். சக்கரம் குழியில் தொங்கும் நொடியில், வெட்டிய ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தைவிட்டு நகரக்கூடும். அந்த நொடியில் காருக்குள் இருப்பது உங்கள் குடும்பம்.

பட்டறைக்குக் கிளம்புவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, இப்போதிருக்கும் உயரத்திலேயே குலசாமி கோயில் வரை போய்வாருங்கள். வழியில் எத்தனை இடத்தில் அடி தட்டுகிறது என்று பின்சீட்டுப் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வந்தாலே போதும், ஸ்பிரிங் இருக்கிறபடியே இருக்கட்டும்!