ஓலைக் கொட்டானுடன் ஒரு கல்கத்தா பயணம்

கரக்பூரிலிருந்து ஹௌராவுக்குச் சுமார் 115 கிலோமீட்டர் தூரம். லோக்கல் வண்டியில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகும். அலுவலகக் காகிதங்களைச் சுமந்துகொண்டு இவ்வழியே எத்தனையோ முறை போய் வந்திருக்கிறோம். ஆயினும் சென்ற மார்கழியில் எங்கள் சங்கத்துக் குழந்தைகள் 14 பேருடனும், காய்ந்த ஓலை மணக்கும் மூன்று அட்டைப்பெட்டிகளுடனும் போன பயணம் வேறு விதமானது. அதைப் பற்றி எழுதும்படி ஆசிரியர் பணித்தார். எழுதுவதில் எங்களுக்குச் சிறிது வெட்கம் உண்டு; காரணம் போகப்போக விளங்கும்.

கல்கத்தாவில் முன்பு லோயர் சர்க்குலர் ரோடு என்று பெயர் பெற்று, இன்று ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் சாலை என வழங்கும் வீதியில், 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்னும் கன்னியர் சபையார் நடத்தும் முதியோர் இல்லம் இருக்கிறது. இந்தியாவில் அச்சபையாரின் முதல் இல்லம் இந்நகரில்தான் 1882ஆம் ஆண்டில் தொடங்கிற்று. சபையைத் தோற்றுவித்த ழான் ழுகான் அம்மையார், 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பார்வையிழந்த ஏழை மூதாட்டி ஒருவரைத் தம் இருப்பிடத்துக்குக் கொணர்ந்து, தம் படுக்கையையே கொடுத்துவிட்டுத் தாம் பரணில் படுத்துக்கொண்டாராம். 2009ஆம் ஆண்டில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. நிலையான வருமானத்தை நாடாமல், கடைவீதியிலும் வீடுகளிலும் கேட்டுப் பெறுவதைக் கொண்டே முதியவர்களைக் காப்பது இச்சபையின் வழக்கம். மதம் பார்ப்பதில்லை.

அங்குள்ள பெரியவர்களுக்குக் குழந்தைகள் தம் கையாலேயே பரிசு செய்து கொடுக்க வேண்டும் என்று சங்கத்தில் முடிவாயிற்று. முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வாழ்த்து அட்டைகள் செய்தோம். செய்தோம் என்றது பிழையன்று. குழந்தைகளின் பெயரால் அப்பாக்கள்தாம் செய்தார்கள். கோபுரம் வரைந்தவர் ஒருவர். ஜிகினாத்தூள் ஒட்டினவர் மற்றொருவர். யார் அட்டை சிறந்தது என்று இரண்டு தந்தையர் மூன்று நாள் பேசாமலும் இருந்தனர். இந்நிலையில், இல்லத்துக்குச் சென்று விசாரித்து வந்த அன்பர் சொன்னார்: "அங்கே பலருக்குக் கண் மங்கல். சிலருக்கு முற்றிலும் தெரியாது. அட்டையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? இனிப்பும் வேண்டாமாம், முறுக்கும் வேண்டாமாம். கைக்கு அடக்கமாக, கண்ணாடி, மருந்துச் சீட்டு, ஜபமாலை போட்டுவைக்க ஏதேனும் இருந்தால் நல்லது."

நிற்க. எங்கள் தாயாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. திருச்செந்தூருக்குத் தெற்கே உடன்குடி அவருக்குப் பிறந்த ஊர். தந்தையார் காலமான பின் அவரைக் கரக்பூருக்கு அழைத்து வந்தோம். இரண்டு அறை குவார்ட்டர்ஸ். பக்கத்து வீட்டில் வங்காளிகள், எதிர்வீட்டில் தெலுங்கர்கள். அம்மாவுக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. நாங்கள் இருவரும் வேலைக்கும், பெண் பள்ளிக்கும் போய்விட்டால், சன்னல் அருகே உட்கார்ந்திருப்பார். ஹௌராவிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் வாராந்தர வண்டியின் நாளை மட்டும் அவர் மறந்ததில்லை. அன்று, "வண்டி போயிட்டுதா?" என்று கேட்பார். வேறு பேச்சு வர வரக் குறைந்துகொண்டிருந்தது. வயதின் இயல்பு என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

அட்டை விவகாரம் வீட்டில் அடிபட்டபோது அவர் தாமாகவே, "ஒரு கொட்டான் முடைஞ்சு குடுத்தா என்ன?" என்றார். பாலிசக் பக்கத்துக் கிராமத்தில் பனைகள் ஏராளம் என்பதை, முன்பே அறிந்து வைத்திருந்தார் போலும். அங்கே பனையைத் 'தால்' என்கிறார்கள். குளிர்காலத்தில் கல்கத்தாக்காரர்கள் கொண்டாடும் வெல்லம் பனையில் வருவதன்று, ஈச்சமரத்துப் பாலில் வருவது என்று சொன்னபோது அம்மா நம்பவே இல்லை. ஈச்சமரம் ஏறும் சியூலி ஒருவரைப் பிடித்து, விரியாத குருத்தோலைகள் வெட்டுவித்தோம். அவற்றை வெயிலில் வெளுக்கக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வாரிக்கொண்டு, ஈரத்துணியில் சுற்றிப் பதப்படுத்தினார். அதன்பின் எங்கள் வீட்டுக் கூடமே பட்டறை ஆயிற்று. அடியை முதலில் பாய்போல் பின்ன வேண்டும். மூலைகளில் மடக்கி மேலேற்ற வேண்டும். விளிம்பை உள்மடித்து நாரால் கட்ட வேண்டும். மூலை திரும்பும் இடத்தில்தான் குழந்தைகள் அழுதார்கள். அம்மா பிரித்துப் பிரித்துக் கொடுத்தார். "கண்ணால பாக்காத, விரலால பாரு" என்பார். ஒரே மாதத்தில் 52 கொட்டான்கள் ஆயின. உள்ளே கல் போட்ட கிலுகிலுப்பைகளும் சில இருந்தன. அவை முதியோருக்கா, தங்களுக்கா என்று குழந்தைகள் சொல்லவில்லை.

புறப்பட்ட நாள் பனி மூடியிருந்தது. கோலாகாட் தாண்டி ரூபநாராயண நதிப் பாலத்தில் வண்டி ஏறியதும் குழந்தைகள் சன்னலுக்கு ஓடினார்கள். மறுகரையில் தேவுல்டி. 'தேவதாஸ்' எழுதிய சரத் சந்திரர் பல ஆண்டுகள் வாழ்ந்த சாம்தாபேர் அதன் அருகேதான். இதைச் சொன்னோம், கேட்டவர் எவருமில்லை. அவர்கள் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இல்லத்தில் ஆண்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் இருந்தார். கரக்பூர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "நமது பிளாட்பாரம் இன்னும் உலகத்திலேயே நீளமானதுதானே?" என்றார். 1072 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அப்பெருமையை 2013இல் கோரக்பூர் 1366 மீட்டரால் வென்றதையும், 2023இல் ஹூப்ளி 1507 மீட்டரால் அதனையும் வென்றதையும் உள்ளபடி சொன்னோம். சொல்லியிருக்க வேண்டாம். "பின்னால் வந்தவன் நீட்டுவது பெரிதா?" என்று கூறி அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிலுகிலுப்பை ஒன்றைக் கொடுத்த பிறகே சமாதானம் ஆனார்.

பெண்கள் பகுதியில் கண் தெரியாத வங்காள மூதாட்டி ஒருவரிடம் எங்கள் பெண் தன் கொட்டானைக் கொடுத்தாள். அவர் அதை முதலில் முகர்ந்தார். பிறகு விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இங்கே ஓர் இழை தவறிவிட்டது" என்றார். உண்மை, எங்கள் எவர் கண்ணுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. சிறுமியாய் இருந்தபோது தாம் ஈச்சோலைப் பாய் முடைந்தவர் என்றும் சொன்னார்.

"யார் கற்றுக்கொடுத்தது?"

"எங்கள் ஆச்சி" என்றாள் பெண், வங்காளியிலேயே.

"ஆச்சி எங்கே?"

"வீட்டில்."

"உடம்பு சரியில்லையா?"

"நன்றாக இருக்கிறார்."

"பிறகு ஏன் வரவில்லை?"

பெண் எங்கள் முகத்தைப் பார்த்தாள். வண்டியில் கூட்டம், அவரால் இயலாது என்று நாங்கள் குறுக்கிட்டுச் சொன்னோம். அது பொய். வருகிறீர்களா என்று அம்மாவை நாங்கள் கேட்கவே இல்லை; கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அலுவலகத்தில் பாஸ் பிரிவில் இருப்பவர்கள் நாங்கள். பிறருடைய விதவைத் தாயார்களின் பெயரை நாள்தோறும் சரிபார்த்துச் சேர்ப்பதே எங்கள் வேலை. மூதாட்டி கொட்டானைப் பெண்ணின் கையில் திருப்பிக் கொடுத்து, "ஆச்சியிடம் சரிசெய்து வாங்கிக்கொண்டு வா" என்றார். கொண்டுபோன 52 பரிசுகளில் ஒன்று இவ்வாறு கரக்பூருக்கே திரும்பிற்று.

அம்மா அதை வாங்கிப் பார்த்தார். தவறிய இழையைச் சேர்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "கண்ணு தெரியாதவளா கண்டுபிடிச்சா?" என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் காலையில், எப்போது போகிறோம் என்று அவரே கேட்டார்.

மாசியில் அவரை அழைத்துச் சென்றோம். பாலத்தின் மேல் வண்டி ஏறியபோது முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாயை நதியில் போட்டார். இல்லத்தில் அந்த மூதாட்டி கொட்டானைத் தொடுவதற்கு முன் அம்மாவின் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். அம்மா கொண்டுபோன ஓலையை இருவருமாக மடியில் போட்டுக்கொண்டார்கள். இவர் தமிழில் சொல்வார். அவர் வங்காளியில் சொல்வார். மொழிபெயர்க்கப் போன எங்கள் பெண்ணை இருவருமே கையசைத்து விலக்கினார்கள். ஒன்றரை மணி நேரம் நாங்கள் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

திரும்பும் வண்டியில் சாந்திராகாச்சி வரை அம்மா பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அவளுக்குப் பனையோலை வழங்கல, தம்பி. ஈச்சோலைக்குப் பழகின கை. அந்த மரமேறிகிட்ட நாளைக்கே கேட்டுப் பாரு."