எதை விட்டாலும் எல்லையை விடாதீர்கள்

ஆய்வுக் கட்டுரை ஒன்றைச் சுருக்கி எழுதச் சொன்னால், பல மாணவர்கள் முடிவை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அந்த முடிவு யாரைப் பற்றியது, எந்தச் சூழலில் கிடைத்தது என்பதெல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. பிள்ளைகளே, இதைச் சின்னக் குறை என்று தள்ளிவிடாதீர்கள்.

1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் இருவரும் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. மொத்தமே ஐந்து வாக்கியங்கள். மருத்துவமனையில் ஓபியம் வகை மருந்தை ஒருமுறையாவது பெற்ற நோயாளிகள் 11,882 பேர். முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில், அந்த மருந்துக்கு அடிமையானதாகத் தெளிவாகப் பதிவானவர்கள் 4 பேர்தான். கடிதத்தின் சாரம் இவ்வளவே. மாத்திரையை வீட்டுக்கு வாங்கிப்போய் மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

எடுத்தாண்டவர்களில் பலரோ, ‘அடிமையாவது அரிது’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ‘மருத்துவமனையில்’ என்ற சொல் வழியிலேயே விழுந்துவிட்டது. அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளை ஆராய்ந்து, 2017இல் அதே இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஐந்தில் நான்கு கட்டுரைகள், அவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதையே குறிப்பிடவில்லை. நீண்டநாள் வலிக்கும் அந்த மருந்துகளைத் தயங்காமல் எழுதித் தரலாம் என்ற நம்பிக்கை வளர இதுவும் துணைபோனது. வட அமெரிக்காவில் அதற்குப் பலியான உயிர்கள் ஏராளம். பழைய கடிதத்தோடு இதழே ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஐந்து வாக்கியத்தையே முழுதாகப் படிக்காதவர்கள் இருந்தார்கள் என்றால், இருபது பக்கக் கட்டுரைக்கு என்ன கதி? ஆகவே முதலில் முழுவதும் படியுங்கள். கட்டுரையின் தலையில் இருக்கும் ஆய்வுச் சுருக்கத்தைப் பார்த்து இன்னொரு சுருக்கம் எழுதாதீர்கள். ஆய்வுமுறைப் பகுதி சலிப்பூட்டும். ஆனாலும் எல்லைகள் அங்கேதான் இருக்கின்றன.

பிறகு கட்டுரையை மூடிவைத்து, உங்கள் சொந்த நடையில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். என்ன கேட்டார்கள்? யாரிடம், எப்படித் தேடினார்கள்? என்ன கண்டார்கள்? எது தங்கள் ஆய்வுக்குள் அடங்காது என்றார்கள்? மூடிவைத்து எழுதும்போதுதான் புரிந்தது எது, புரியாதது எது என்று தெரியும். புரியாத இடத்தில் ஆசிரியரின் வாக்கியத்தையே ஒட்டவைக்கத் தோன்றும். அங்கே நிறுத்தி, மறுபடி படியுங்கள்.

எழுதியதை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். ‘தொடர்பு தெரிகிறது’ என்று அவர்கள் எழுதியிருந்தால், ‘அதுவே காரணம்’ என்று நீங்கள் எழுதக்கூடாது. ‘இருக்கலாம்’ என்றது ‘இருக்கிறது’ ஆகக்கூடாது. எண்களைத் திரும்பச் சரிபாருங்கள். உங்கள் கருத்தைச் சொல்ல ஆசையிருந்தால் அதைத் தனியே எழுதுங்கள். ஆசிரியர் வாயில் திணிக்காதீர்கள்.

இடம் குறைவு என்றால் உதாரணங்களை விடுங்கள், முந்தைய ஆய்வுகளின் பட்டியலை விடுங்கள். யாருக்கு, எங்கே, எந்த அளவுக்கு என்பதை மட்டும் விடவே விடாதீர்கள். மூலத்தைத் தேடிப் படிக்க நேரமில்லாத ஒருவர், உங்கள் நான்கு வரியை நம்பி முடிவெடுப்பார். அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பு நீங்கள்தான்.