இரண்டு அங்குலப் பலகை



பொல்கொட வாவிப் பயணத்தின் படங்களைப் போட்டதிலிருந்து பெற்றோர் சிலர் இன்பொக்ஸில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஒரே தடவையில் ஏற்றாமல் ஏன் இரண்டு தடவையாக ஏற்றினீர்கள்? கரையில் ஒன்றரை மணித்தியாலம் என்ன செய்தீர்கள்? தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை, இங்கேயே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நாலு ஆசிரியர்கள், 22 பிள்ளைகள். கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்பட்டு, வெள்ளவத்தையில் இருக்கும் பிள்ளைகளைக் காலி வீதியில் ஏற்றிக்கொண்டு போனோம். வாவியில் வாடகைக்கு எடுத்தது மிதவைப் படகு: இரண்டு நீளமான உருளைகள், மேலே ஒரு தட்டு, கூரை, பிளாஸ்டிக் கதிரைகள். பின்பக்கம் 15 குதிரைவலு அவுட்போர்ட் எஞ்சின். பார்த்தால் வீட்டு விறாந்தை மாதிரி இருக்கும். அதனால்தான் பிள்ளைகளுக்குப் பயமே வரவில்லை.

பயம் வந்தது எங்களோடு வந்த டீச்சருக்கு. அவருடைய உம்மா வீடு கிண்ணியா. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்து மக்கள் 'பாதை'யில்தான் கடந்தார்கள். மிதவைக்கு அங்கே அதுதான் பெயர். 2021 நவம்பர் 23 காலையில் குறிஞ்சாக்கேணியில் கவிழ்ந்ததும் அப்படி ஒரு பாதைதான். புதுப் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் சனங்கள் அதில் ஏறினார்கள். குறைந்தது ஆறு பேர் மௌத்தானார்கள், பள்ளிக்கூடம் போகப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் அடக்கம். டீச்சர் சொன்னது ஒன்றுதான்: "முதல்ல பெரியாக்கள் மட்டும் ஒரு சுற்றுப் போய்ட்டு வாங்க."

நல்ல வேளையாக ஒரு பிள்ளையின் வாப்பாவும் வந்திருந்தார். முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துபவர். எல்லாரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே. அவரோடு பெரியவர்கள் ஏழு பேர் ஏறினோம். நடு வாவியில் பாஸ் எங்களை முன்பக்கம் போய் நிற்கச் சொன்னார். "பிள்ளைங்க செல்ஃபி எடுக்க ஓடி வந்தா இப்படித்தானே நிப்பாங்க, சேர்."

நின்றோம். மூக்குத் தாழ்ந்தது, பின்பக்கம் உயர்ந்தது. எஞ்சின் திடீரென்று வீரிட்டது, ஆனால் படகு வேகம் பிடிக்கவில்லை. திருப்பிப் பார்த்தார், வளையவும் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காற்றாடிக்கு மேலே எஞ்சினில் ஒரு தட்டை இருக்கும். கேவிட்டேஷன் பிளேட் என்று சொல்வார்கள். பெயர் பிழை என்பது எங்கள் விஞ்ஞான சேரின் கட்சி. கேவிட்டேஷன் என்றால் அழுத்தம் குறைந்து நீரே ஆவிக் குமிழியாவது. இந்தத் தட்டை தடுப்பது மேற்பரப்புக் காற்று காற்றாடிக்குள் இழுபடுவதை. பெயர் எதுவானாலும், மிதவைப் படகில் அது உருளைகளின் அடிமட்டத்தோடு சமமாக, அல்லது கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். இரண்டு உருளைகளுக்கும் இடையில் வரும் தண்ணீர் ஏற்கெனவே நுரைத்துக் கலங்கியது. எஞ்சின் உயரத்தில் இருந்தால் காற்றாடி அந்த நுரையைத்தான் கடிக்கும். குளிர்த்தும் தண்ணீரும் சரியாக ஏறாது, எஞ்சின் சூடாகும். அதைவிடப் பெரிய விஷயம், அவுட்போர்ட் படகுக்குச் சுக்கான் தனியாக இல்லை. காற்றாடி தள்ளும் திசைதான் சுக்கான். தள்ளு இல்லையென்றால் திருப்பமும் இல்லை. காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் போக வேண்டும்.

கரைக்கு வந்து பாஸ் ஒரு நேரான தடியை உருளையின் அடியோடு பிடித்துப் பார்த்தார். தட்டை மூன்று விரல் மேலே. காரணமும் கண்ணுக்கு முன்னால் இருந்தது: எஞ்சினை மாட்டும் பலகைக்கு மேல் இரண்டு அங்குல மரத்துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் எஞ்சினைக் கொளுவியிருந்தார்கள்.

படகுக்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கரையோரம் முழுக்கப் பாசியும் மிதக்கும் செடியும். எஞ்சின் தாழ்ந்தால் அவை காற்றாடியில் சுற்றிக்கொள்ளும், பெற்றோலும் கூடக் குடிக்கும். நாலைந்து வெள்ளைக்காரர் நடுவில் உட்கார்ந்து போனால் அந்த உயரத்தில் ஒரு பிரச்சினையும் வராதுதான். 22 பிள்ளைகள் ஒரு இடத்தில் இருக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், தினமும் வகுப்பில் பார்க்கிறோமே.

பேசிச் சம்மதிக்க வைக்கத்தான் நேரம் போனது. பிறகு இரண்டு பேர் எஞ்சினைத் தூக்க, பாஸ் மரத்துண்டை உருவி எடுத்து இறுக்கிகளை முறுக்கினார். அடுத்தது சரிவு. எஞ்சினின் சாய்வைத் தீர்மானிக்கும் ஊசி, படகுக்கு மிகக் கிட்டிய ஓட்டையில் இருந்தது. அப்படி இருந்தால் காற்றாடி பின்பக்கத்தை உயர்த்தி மூக்கை அமுக்கும். ஒரு ஓட்டை வெளியே மாற்றினார். அதற்கு மேல் வெளியே போனால் மூக்கு நிமிரும், ஆனால் காற்றாடி மறுபடி காற்றைத் தேடும். ஓடும்போது தட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சமாந்தரமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் திருப்திப்பட்டார்.

மறுபடி போய் முன்னால் நின்றோம். எஞ்சின் வீரிடவில்லை, திருப்பினால் திரும்பியது. ஆனால் விசையைச் சட்டென்று குறைத்தபோது மூக்கு அமிழ்ந்து முன் தட்டில் தண்ணீர் ஏறியது. எங்கள் செருப்பு நனைந்தது. எஞ்சினை எங்கே மாட்டினாலும் இது போகாது, பாரம் முன்னால் இருக்கும்வரை இருக்கும்.

ஆகவே 11 பேராக இரண்டு தடவை. எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், கதிரைகள் நடுவில், முன் கம்பிக்குக் குறுக்கே ஒரு கயிறு, கயிற்றடியில் டீச்சர். செல்ஃபி எல்லாம் கரையில். படங்களில் பிள்ளைகள் சிலர் முகத்தைத் தூக்கி வைத்திருப்பதற்கு அதுதான் காரணம்.

அந்த மரத்துண்டைப் படகுக்காரர் எறியவில்லை, கதிரைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அடுத்த தவணை 9ஆம் வகுப்பைக் கூட்டிப் போக இருப்பவர்கள் ஏறுவதற்கு முன்னால் பின்பக்கம் ஒருக்கால் குனிந்து பாருங்கள். பாஸின் நம்பர் வேண்டுமென்றால் எங்களிடம் கேளுங்கள்.