குண்டுமணி

"வீட்டில் ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கிடையாது" என்று சொல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் இருக்காது. தங்கம் எப்படியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். குண்டுமணி கொடியில் எப்படிக் காய்க்கும் என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? எங்கள் குடியிருப்பில் 60 சொச்சம் வீடுகள். தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். பார்த்திருக்கிறேன் என்று சொன்னவர்கள் மூன்று பேர். மூவருமே எழுபதைத் தாண்டியவர்கள். அதில் ஒருவர் என் மனைவி.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் கொடி எங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கமே இருக்கிறது.

நான் வங்கியில் ஓய்வு பெற்று பெரும்பாக்கத்துக்கு வந்தது 2011-ல். அப்போது மேடவாக்கம் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் பாதி காலி மனைகள், பாதி வயல் வரப்புகளின் மிச்சம். எங்கள் சுவரை ஒட்டிய மனையில் பழைய கிளுவை வேலி ஒன்று தப்பிப் பிழைத்திருந்தது. நடுநடுவே சீமைக்கருவேலம். வேலி என்று இருந்தால் கொடிகள் வராமல் இருக்குமா? கோவை, முடக்கத்தான், வேலிப்பருத்தி, சங்குப்பூ எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. அவற்றோடு குன்றி. குன்றிமணி என்பது ஏட்டுப் பெயர், குண்டுமணி என்பது வாய்ப் பெயர்.

கொடிகள் ஏறுவதிலும் சாதுரியம் வேறு வேறு. கோவையும் முடக்கத்தானும் சுருள் கம்பி போன்ற பற்றுக்கம்பியை நீட்டிப் பிடித்துக்கொள்ளும். குன்றிக்கு அந்த வசதி கிடையாது. தண்டே போய்ச் சுற்ற வேண்டும். இளந்தண்டின் நுனி காற்றில் வட்டமடித்துத் தேடும். ஏதாவது குச்சி தட்டுப்பட்டால் அதைச் சுற்றி ஏறும். சார்லஸ் டார்வின் உடம்பு முடியாமல் அறைக்குள்ளேயே இருந்த நாட்களில் தொட்டியில் ஒரு ஹாப்ஸ் கொடியை வைத்துக்கொண்டு, அதன் நுனி ஒரு சுற்றுச் சுற்ற எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கெடுத்தார். வெயில் நாளில் சராசரியாக 2 மணி 8 நிமிடம். 1865-ல் கொடிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் இது இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களுக்கு ஏற்ற ஆராய்ச்சி என்று எனக்குத் தோன்றியது. இன்னொரு விஷயம்: இப்படிச் சுற்றி ஏறும் கொடிகளில் மிகப் பெரும்பாலானவை, பூமியின் எந்தப் பாதியில் முளைத்தாலும், ஒரே பக்கமாகத்தான் சுற்றுகின்றன. சூரியன் அவற்றைத் திருப்புவதில்லை. பிறவிக் குணம்.

குன்றி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலை பார்ப்பதற்குப் புளிய இலை மாதிரி, சின்னச் சின்ன இலைகள் ஜோடி ஜோடியாக. மென்றால் இனிக்கும். அதிமதுரத்தின் இனிப்பு. வெளிநாட்டார் இதை இந்திய அதிமதுரம் என்றே அழைத்திருக்கிறார்கள். இருட்டினால் இலைகள் தொங்கி மடிந்துகொள்ளும். மப்பும் மந்தாரமுமான நாளிலும் அப்படித்தான். இதைப் பார்த்து ஜோசப் நோவாக் என்ற ஆஸ்திரியக்காரர் 1880களில் ஒரு பெரிய கதையே கட்டினார். புயல், மழை, பூகம்பம் எல்லாவற்றையும் இந்தச் செடி முன்கூட்டியே சொல்லும் என்றார். லண்டன் க்யூ தாவரத் தோட்டத்தில் சோதித்துப் பார்த்தார்கள். இலை மடிவது வெளிச்சத்துக்கும் ஈரப்பதத்துக்கும் தகுந்தபடிதான், அதில் ஜோசியம் எதுவும் இல்லை என்று முடிவாயிற்று. பாவம், நிஜமாக இருந்திருந்தால் 2015-லும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் முழங்கால் தண்ணீரில் நின்ற நாங்கள் வீட்டுக்கு நாலு கொடி வளர்த்திருப்போம்.

மழைக்காலத்தை ஒட்டி வெளிர் ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். யாரும் கவனிக்காத பூ. காய் சின்ன அவரைக்காய் மாதிரி, ஒன்றரை அங்குலம் இருக்கும். தை, மாசியில் காய்ந்து வெடித்து, ஓடு முறுக்கிக்கொண்டு விரியும். விதைகள் உடனே விழாது. ஓட்டிலேயே ஒட்டிக்கொண்டு, வேலியில் யாரோ பவளம் பதித்த மாதிரி நிற்கும். காயோடு ஒட்டியிருக்கும் இடத்தைச் சுற்றித்தான் கறுப்பு. வெளியே தெரியும் முகமெல்லாம் சிவப்பு. திருவள்ளுவர் கூடாவொழுக்கம் அதிகாரத்தில் போலித் துறவிகளுக்கு இதை உவமையாக்கியிருக்கிறார். கொடியில் காய்ந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் அந்த உவமை எனக்கு முழுதாகப் புரிந்தது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இப்போது இங்கே பெரும்பாக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே வரும் மாணவர்கள் ஐந்து நிமிடம் நடந்து வேலியோரம் பார்த்தால் நல்லது என்று நினைத்துக்கொள்வேன். வேலி இருக்கும்வரை.

பறவைகளும் இந்தச் சிவப்பில் ஏமாறும். ஏதோ சதைப்பழம் என்று விழுங்கிவிட்டு, சத்து எதுவும் கிடைக்காமல், வேறெங்கோ விதையைப் போட்டுவிட்டுப் போகும். செடிக்குச் செலவில்லாத போக்குவரத்து. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா என்று வெப்ப நாடுகளெங்கும் இது தானாக வளர்கிறது. ஆப்பிரிக்காவில் இருப்பது காய் குட்டையாக, மேலே பருக்கள் உள்ள தனி உள்வகை. மேற்கிந்தியத் தீவுகளுக்கும் புளோரிடாவுக்கும் ஹவாய்க்கும் மனிதர்கள் கொண்டுபோனார்கள். புளோரிடாவில் இன்று இதை ஆக்கிரமிப்புத் தாவரமாகப் பட்டியலிட்டு ஒழிக்கப் பார்க்கிறார்கள். வேர் ஆழத்தில் இருப்பதால் தீ வைத்தாலும் மறுபடி துளிர்க்கிறதாம். நம் பக்கத்தில் நன்மங்கலம் காப்புக்காட்டின் ஓரப் புதர்களில் பார்த்திருக்கிறேன். அங்கே அது யாருக்கும் தொல்லை கொடுப்பதாகத் தெரியவில்லை.

லின்னேயஸ் 1767-ல் இதற்கு வைத்த பெயர் ஆப்ரஸ் பிரெகடோரியஸ். இரண்டாவது சொல்லுக்குப் பிரார்த்தனை சம்பந்தப்பட்டது என்று பொருள். விதையில் ஜெபமாலை கோத்ததால் வந்த பெயர். அவர்கள் மாலை கோத்தார்கள், நாம் தராசில் வைத்தோம்.

இந்த இடத்தில் என் பழைய உத்தியோகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பல வருஷம் நகைக்கடன் பிரிவில் இருந்தவன் நான். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிளையில் மதிப்பீட்டாளராக வந்துகொண்டிருந்த ஆசாரி ஒருவர், உரைகல்லோடு ஒரு சின்னத் தகர டப்பாவில் குண்டுமணியும் வைத்திருந்தார். தராசு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, இது எதற்கு என்று கேட்டேன். "அப்பா வெச்சிருந்தது சார், இருக்கட்டுமே" என்றார். பிறகு எப்படிப் பொறுக்குவார்கள் என்று செய்தே காட்டினார். தண்ணீரில் போட்டு, மிதக்கும் பொக்கை விதைகளைத் தள்ளிவிட வேண்டும். மீந்ததில் ஒன்றோடொன்று நிறுத்துப் பார்த்து, ஒத்துப் போகிறவற்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாக் குண்டுமணியும் ஒரே எடை என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை. ஒரே எடையாகப் பொறுக்கியவை ஆசாரியின் விரல்கள்.

வடக்கே இதுதான் ரத்தி. 96 ரத்தி ஒரு தோலா, தோலா என்பது 11.66 கிராம். வகுத்தால் ஒரு மணி 0.12 கிராம் வரும். ஒரு பவுனுக்கு ஏறக்குறைய 66 மணி. நம் ஊர்க் கணக்கில் 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோவிலுக்கு ராஜராஜன் கொடுத்த நகைகளின் எடையைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று ஒன்றுவிடாமல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்த எடைக்கல்லால் நிறுத்தது என்பதுகூட இருக்கிறது: ஆடவல்லான் என்ற கல். எங்கள் தணிக்கையாளர்கள் யாரும் அந்தக் கல்வெட்டில் குறை கண்டுபிடித்திருக்க முடியாது.

மஞ்சாடி வேறு, குன்றி வேறு. மஞ்சாடி பெரிய மரம். விதை முழுக்கச் சிவப்பு, கறுப்பே இருக்காது. ஆனைக்குன்றிமணி என்றும் சொல்வார்கள். குருவாயூர்க் கோவிலில் குழந்தைகள் இரண்டு கையாலும் அள்ளி விளையாடுவது அதைத்தான். இந்த வித்தியாசம் தெரிய வேண்டும், ஏனென்றால் குன்றியில் இருப்பது சாதாரண நஞ்சு இல்லை.

ஆப்ரின் என்று பெயர். ஆமணக்கு விதையிலுள்ள ரிசினுக்கு அண்ணன் தம்பி உறவு. உடம்பின் செல்கள் புரதம் செய்வதையே நிறுத்திவிடும். உடம்பில் நோய் எதிர்ப்பு எப்படி உண்டாகிறது என்று பால் எர்லிக் 1891-ல் எலிகளை வைத்துச் சோதித்தது இந்த இரண்டு நஞ்சுகளைக் கொண்டுதான். ஆனால் இயற்கை அதை ஒரு கெட்டி ஓட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. முழு விதையை விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து நொறுக்கினாலோ, துளை போட்டிருந்தாலோ கதை வேறு. நன்றாக மென்று விழுங்கினால் ஒரே விதை உயிருக்கு ஆபத்தாகலாம். மாற்று மருந்து கிடையாது. அறிகுறி உடனே தெரியாமல் பல மணி நேரம் கழித்தும் வரும். 2011 டிசம்பரில் இங்கிலாந்தின் ஈடன் பிராஜெக்ட் என்ற தாவரத் தோட்டம், தான் விற்ற வளையல்களில் இருந்தது இந்த விதைதான் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் திருப்பித் தரும்படி அறிவித்தது. வளையல் மணி என்றால் ஊசி போகத் துளை இருக்குமே, அதுதான் பயம்.

என் பாட்டிக்கு ஆப்ரினும் தெரியாது, எர்லிக்கும் தெரியாது. பல்லாங்குழிக்குக் குண்டுமணியை எடுத்துக் கொடுக்கும்போதே, "பல்லுல படக்கூடாது, உடைஞ்சதைத் தொடக்கூடாது, ஆடி முடிச்சதும் எண்ணிக் குடுக்கணும்" என்பாள். எண்ணி வாங்குவாள். ஒன்று குறைந்தால் அன்றைக்குச் சாப்பாடு தாமதம்தான். நான் படித்த எந்தக் கட்டுரையும் இதைவிடச் சரியாகச் சொல்லவில்லை.

போன மாசியில் எங்கள் குடியிருப்பில் நான்கு வயதுப் பையன் ஒருவன், சுவர் இடுக்கில் விழுந்து கிடந்த இரண்டு மணிகளை எடுத்து ஒன்றை விழுங்கிவிட்டான். அவன் பாட்டி பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார். "அண்ணா, இது குண்டுமணிதானே?" இன்னொரு மணி அவன் கையில் முழுசாக இருந்தது. ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம், மணியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். போனார்கள். அங்கேயே வைத்திருந்து கவனித்தார்கள். மறுநாள் விதை முழுசாகவே வெளியே வந்தது. பையன் இப்போதும் லிஃப்டில் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திக்கொண்டு நன்றாக இருக்கிறான்.

அன்று இரவு குடியிருப்பு வாட்ஸ்அப் குழு பற்றி எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். செயலாளர் கணினித் துறையில் வேலை பார்க்கும் இளைஞர், நல்ல பையன். "அங்கிள், இது டெட்லி பாய்சன். ஜேசிபி வெச்சு வேரோட எடுத்துடலாம். மனை ஓனர்கிட்ட பேசிட்டேன்" என்றார். பையனின் அம்மாவும் அங்கே உட்கார்ந்திருந்தார். முகத்தில் இன்னும் தூக்கமில்லை. அவருக்கு முன்னால் கல்வெட்டையும் கழஞ்சையும் பேச எனக்கு வாய் வரவில்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, விநாயகர் சதுர்த்திக்கு களிமண் பிள்ளையார் வாங்கறோமே, கண்ணுக்கு என்ன வெச்சிருக்கான்?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. குண்டுமணி. வருஷா வருஷம் பல வீடுகளுக்குள் பூஜை அலமாரிவரை வருகிறது. மூன்றாம் நாள் பிள்ளையாரைக் கரைக்கப் போகும்போது, கண் இரண்டும் இருக்கிறதா என்று யாராவது பார்த்திருக்கிறோமா? பாசிமணிக் கடையில் இருக்கிறது, பழைய பல்லாங்குழிப் பெட்டியில் இருக்கிறது, ராசிக்கு நல்லது என்று இணையத்தில் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். கொடியை வெட்டினால் சுவருக்கு அப்பால் இருப்பதுதான் போகும். குழந்தைக்கு இது என்னவென்று தெரியாமலே போய்விடும். அதைவிட, காய் வெடிப்பதற்கு முன்னால் பறித்துவிடுவோம், குழந்தைகளைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டிச் சொல்லிவிடுவோம் என்றேன்.

எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க பேரன் முழுங்கியிருந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அப்போதும் இதைத்தான் சொல்வேன் என்றேன், அவர் நம்பவில்லை. கடைசியில் பையனின் அம்மாதான் பேசினார். "சுவர் பக்கம் வர்றதை வெட்டிடுங்க. அந்தப் பக்கம் இருக்கறதை அங்கிள் பொறுப்பா பறிச்சா இருக்கட்டும். ஆனா ஒரு வருஷம் பார்ப்போம்." அதுதான் தீர்மானமாக எழுதப்பட்டது.

இந்த வருஷம் பொங்கல் கழிந்த இரண்டாவது சனிக்கிழமை செயலாளரும் நானும் துறட்டியோடு போனோம். கை முழுக்கக் கிளுவை முள். இரண்டு மணி நேரத்தில் ஒரு பை நிறையக் காய். முந்தின நாளே வெடித்திருந்த நாலைந்து கொத்துகளின் கீழே பழைய வேட்டியை விரித்து உலுக்கினோம். பிறகு மாடிப்படியில் குழந்தைகளை உட்கார வைத்து, என் பாட்டி சொன்ன மூன்றையும் சொன்னேன். பல்லில் படக்கூடாது, உடைந்ததைத் தொடக்கூடாது, எண்ணிக் கொடுக்க வேண்டும். விழுங்கிய அந்தப் பையன்தான் முன்வரிசையில். கறுப்புப் பக்கம் எதற்கு என்று அவன் கேட்டான். அங்கேதான் காயோடு ஒட்டியிருந்தது என்று காட்டினேன்.

பையைக் கட்டும்போது செயலாளர் தயங்கித் தயங்கி, "அங்கிள், சதுர்த்திக்கு ஒரு பத்து மணி நான் வெச்சுக்கவா?" என்றார்.

எண்ணிக் கொடுத்தேன். மூடி இறுக்கமான டப்பா, மேல் அலமாரி, செப்டம்பரில் கணக்குக் காட்ட வேண்டும்.